பதின்மூன்று மாநிலங்களும் பல்லுக்கொழுக்கட்டையும்

மகளுக்கு முதல் பல் தெரிந்த வாரம், என் பகுதிநேரப் படிப்பில் அமெரிக்காவின் முதல் மத்திய அரசாங்கம் பற்றிய பாடம் வந்தது. அந்த அரசாங்கம் மாநிலங்களிடம் வரியும் படையும் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அடிப்படைச் சட்டத்தில் எதையாவது மாற்ற, அப்போதிருந்த பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இப்படியும் ஒரு நாட்டை நடத்துவார்களா என்று நினைத்தேன்.

முதல் பல் வந்தவுடன் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுவது எங்கள் வழக்கம். யாரும் மனம் நோகக்கூடாது என்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள் கேட்டேன். நகரின் கிழக்குப் பக்கம் அஜின்கோர்ட்டில் இருக்கும் என் அக்கா சனிக்கிழமைதான் என்றாள். மேற்குப் பக்கம் ரெக்ஸ்டேலில் இருக்கும் கணவரின் அண்ணனுக்குச் சனிக்கிழமைகளில் வேலை. நான் பணிவாக மறுபடி கேட்டேன். அதற்குள் மேலும் இரண்டு பல் வந்துவிட்டது.

கணவரின் அம்மா, மாமி, தொலைபேசியில் கேட்டார்: "உவள் ஆட்டிறைச்சி கடிக்கத் தொடங்கின பிறகோ கொட்டப் போறாய்?"

"எல்லாரும் ஓம் சொல்லோணும், மாமி."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. பாடத்தின் அடுத்த பக்கத்தில், புதிய அரசியலமைப்பை எழுதியவர்கள் ஒன்பது மாநிலங்கள் சம்மதித்தால் போதும் என்று முடிவெடுத்திருந்தார்கள்.

வருகிற ஞாயிறு கொழுக்கட்டை என்று குழுவில் அறிவித்தேன். அனுப்பியதை அழிக்கலாமா என்று இரவு வரை யோசித்தேன்.

ஞாயிறன்று அக்காவைத் தவிர எல்லோரும் வந்தார்கள். மகள் தலையில் விழுந்த கொழுக்கட்டையைக் கடிக்கப் பார்த்தாள். தொண்டையில் சிக்கிவிடும் என்று பறித்தேன். அக்காவுக்குப் படம் அனுப்பினேன்.

"வடிவாயிருக்கு," என்று பதில் வந்தது. "சனிக்கிழமை வைச்சிருந்தா இன்னும் வடிவாயிருந்திருக்கும்."