தவக்காலத்தில் என் குதிரைக்குத் தீனி போட்டது யார்?

அந்த வீடியோ கேமை இப்போதுதான் ஒருவழியாக முடித்தேன், நண்பர்களே.

சந்தோஷமாக இருக்கிறேனா? இல்லை. சந்தேகமாக இருக்கிறேன்.

வருடக்கணக்காகக் காத்திருந்த கேம் இது. தேதி சொல்வார்கள், தள்ளிப்போடுவார்கள். மறுபடியும் சொல்வார்கள், மறுபடியும் தள்ளிப்போடுவார்கள். (அது வெளிவருவதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, முன்மண்டையில் முடியும் போய்விட்டது.)

மலை, காடு, கடல் என்று எங்கு வேண்டுமானாலும் குதிரையில் போகலாம். காணாமல் போன அண்ணனைத் தேடித் தம்பி போகிறான். அண்ணன் கிடைக்கிறானா இல்லையா என்பதுதான் கதை.

அந்த முடிவை யாரும் சொல்லிக் கேட்கக் கூடாது, முதல் ஆளாக என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நம் கேம் குழுவின் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தேன்.

பாதி ஆடியிருப்பேன். சாம்பல் புதன் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கறி கிடையாது. அதோடு ஆளுக்கு ஓர் ஆசையை விட வேண்டும். என் மனைவி ஸ்டெல்லா டிவி நாடகத்தை விட்டாள். (போன வருடம் நான் பாகற்காயை விட்டேன். செல்லாது என்று தீர்ப்பு வந்தது.)

"பிடிச்சதத்தான் விடணும். கேம விடுங்க," என்றாள்.

விட்டேன். கன்ட்ரோலரை அவள் கையிலேயே கொடுத்தேன். சேலைகளுக்கு நடுவே வைத்து அலமாரியைப் பூட்டினாள். நான் மத்தியான ஷிப்டுக்கு ஜுரு தொழிற்சாலைக்குப் போவதும், கடல் பாலத்து நெரிசலில் உட்கார்ந்து அண்ணனைப் பற்றி யோசிப்பதுமாக நாட்கள் போயின.

ஈஸ்டர் பூசை முடிந்து, கோழிக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, கேமை ஆன் செய்தேன்.

என் குதிரை கொழுத்திருந்தது!

நான் விட்டுப் போனபோது அது பனிமலை அடிவாரத்தில் எலும்பும் தோலுமாக நின்றது. இப்போது பளபளவென்று, வேறு ஏதோ கோட்டை வாசலில் நிற்கிறது. எதிரே ஒரு பெரிய கதவு. கடைசிக் கதவு.

யாரோ என் கேமை ஆடியிருக்கிறார்கள்.

முதல் சந்தேகம் மார்ட்டின் மேல். ஸ்டெல்லாவின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறான். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை. கூப்பிட்டு விசாரித்தேன். தான் தொடவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தான். அவன் சத்தியத்தை நம்பி நான் ஏற்கனவே ஒரு மோட்டார் சைக்கிளை இரவல் கொடுத்து ஏமாந்தவன். நம்பவில்லை.

பிறகு கேமுக்குள் என் பையைத் திறந்து பார்த்தேன். நான் வேட்டையாடிச் சேர்த்து வைத்திருந்த மான் கறி, பன்றிக் கறி எதுவும் இல்லை. மீன், காளான், ஆப்பிள். அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். ஆடியவர் கேமுக்குள்ளும் விரதம் இருந்திருக்கிறார்.

அப்படியென்றால் மார்ட்டின் இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையிலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஆட்டுக்கறியோடு நாசி கண்டார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். நிஜத்தில் விரதம் இருக்காதவன் கேமிலா இருக்கப் போகிறான்?

வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஓர் ஆள். அலமாரிச் சாவியும் அந்த ஆளிடம்தான்.

ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மறுக்கவே இல்லை.

"நாடகம் பாக்கக் கூடாது. நீங்களும் வேலைக்குப் போயிடுறீங்க. சாயங்காலம் நான் செவுத்தையா பாத்துக்கிட்டு உக்கார்றது?"

"சரிலா, கறிய ஏன் தூக்கிப் போட்ட?"

"தவக்காலம்லா. கேம்ல இருக்குறவன் மட்டும் மான் அடிச்சிச் சாப்பிடலாமா?"

எனக்குக் கவலை கறியைப் பற்றி இல்லை. முடிவைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன்.

"அந்தக் கதவு வரைக்கும்தான் போனேன். உள்ள போகல. நீங்கதானே இத்தன வருசமா காத்திருந்தீங்க."

இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

(இங்கேயே பதிவை முடித்திருந்தால் நல்ல குடும்பக் கதை.)

கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு ராட்சதன். ஓர் அடியில் செத்தேன். மறுபடி போனேன், மறுபடி செத்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நான் சாகச் சாக அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"எடது பக்கமா ஓடுங்க. மூணாவது அடி அடிச்சதும் மூச்சு வாங்குவான். அப்பப் போடுங்க."

ஓடினேன். மூன்றாவது அடி விழுந்தது. ராட்சதன் மூச்சு வாங்கினான். போட்டேன். விழுந்தான்.

பிறகு அந்த முடிவு வந்தது. என்ன என்று சொல்ல மாட்டேன். அழுதேன், அவ்வளவுதான் சொல்வேன். அவளும் அழுகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் டிஷ்யூ பெட்டி தயாராக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஸ்டெல்லா, கதவுக்குள்ள போகலன்னு சொன்ன. அவன் மூச்சு வாங்குவான்னு எப்படித் தெரியும்?"

"டீ போடட்டுமா?" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. முழுவதும் ஆடி முடித்திருக்கிறாள். முடிவைப் பார்த்திருக்கிறாள். பிறகு சேவ் செய்து வைத்திருந்த பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, குதிரையைக் கதவு வாசலில் நிறுத்தி, கன்ட்ரோலரைத் துடைத்துச் சேலைக்குள் வைத்திருக்கிறாள்.

கோபம் வந்தது. முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்றுதானே அத்தனை வருடம் காத்திருந்தேன்?

ஆனால் யோசித்துப் பார்த்தேன். நாடகத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதை எனக்குச் சொல்லாவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் இந்த முடிவைத் தெரிந்துகொண்டு, தினமும் எனக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்திருக்கிறாள்.

இந்தத் தவக்காலத்தில் அவள் விட்டது நாடகத்தை இல்லை போலிருக்கிறது.

டீ வந்துவிட்டது. இன்றைக்கு வழக்கத்தைவிடப் பால் அதிகம்.

கேட்டு ஒப்புக்கொள்ள வைக்கவா, இல்லை குடித்துவிட்டுச் சும்மா இருக்கவா? நீங்களே சொல்லுங்கள்.