குழாயை எடுக்கும் நாள்

காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான் அவரைப் பார்த்தேன். பெயர் கேட்கவில்லை, மாகறல் என்ற ஊர்க்காரர். உள்ளே அவர் மனைவியும் என் அம்மாவும் வென்டிலேட்டரில் இருந்தார்கள். ஒல்லியான மனிதர். உட்கார்ந்தால் இடது கையைக் குவித்து, எதையோ நசுங்காமல் பிடித்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொள்வார்.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். மயக்கிய எலியின் தொண்டையில் குழாய் விட்டு, மெஷினால் மூச்சு கொடுத்து, அந்தக் காற்றே நுரையீரலை எப்படிப் புண்ணாக்குகிறது என்று பார்ப்பார்களாம்.

மாலையில் டாக்டர் வந்து, "உங்க வீட்டம்மா தேறிட்டாங்க. காலைல டியூபை எடுத்துடலாம்" என்றார். மாகறல்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் அம்மாவைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்ல சேதிதானே சொன்னாரு?"

"தெரியுதுபா. ஆனா குழாய எடுத்த எலி ஒண்ணுகூட கூண்டுக்குத் திரும்பி நான் பாத்ததில்ல. நல்லா மூச்சு வுட்டுக்கினு இருந்த எலியக்கூட கொன்னுதான் நுரையீரலைப் பாப்பாங்க."

"மனுஷங்கள அப்படியா செய்வாங்க? தைரியமா இருங்கணா."

விடிந்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் வெளியே வந்தபோது அவர், "அம்மாவுக்குக் குழாய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

எடுத்துவிட்டார்கள். அம்மா போய்விட்டாள். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டாள். குவித்த கையை மறு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். மறுபடி கூப்பிட்டாள். "போங்கணா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.