தறிக்குழியில் ஒரு பனையேறிக் கெண்டை

வேலூர் மீன்தொட்டிக் கடையில், பாம்புபோல் நெளிந்த ஒரு மீன்தான் வேண்டும் என்றாள் என் மகள். "கோல்ட் ஃபிஷ் எடுத்துக்கோம்மா. இது வெளிய குதிச்சிடும்" என்றார் கடைக்காரர்.

குதிச்சிடும் என்றதும் எண்பதுகளின் ஆரணியில் எங்கள் தறிவீடு நினைவில் எழுந்தது. தோழிகள் பாட்டிலில் சிவப்பு மீன் வளர்த்தார்கள். நானோ சேவூர் வாய்க்காலில் பிடித்த பனையேறிக் கெண்டையைக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தேன். கறுப்பாக, முள்ளும் முறைப்புமாக இருக்கும். தரையில்கூட ஊர்ந்து போகும். "தறில பட்டு கீது. அது வெளிய வந்துச்சின்னா கடாசிடுவேன்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

ஒரு மழைநாள் பள்ளிவிட்டு வந்தபோது ஜாடி காலி. நெய்யும்போது கால் வைத்து மிதிக்கும் தறிக்குழிக்குள் அம்மா கால்களைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உன் மீனு குழில கீதுடி. இருட்டுல தெரில. மிதிச்சிடுவேனோன்னு அப்டியே உக்காந்துகினு கீறேன். ஜல்தியா எடு."

ஈரமண் வாசம் வீசிய குழிக்குள் கைவிட்டுத் துழாவினேன். செவுள் முள் விரலில் குத்தியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டேன். அம்மா காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா தறியைப் பார்த்தார். "இன்னிக்கி இம்மாந்தான் நெய்ஞ்சியா?"

"காலு மரத்துப்போச்சிங்க" என்றாள் அம்மா. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மீனையே குடுங்க" என்றேன் கடைக்காரரிடம். "குதிச்சா நான் பாத்துக்கறேன்."