பனிமலையில் குரல் கொடுத்தவர்

1998 செப்டெம்பர் 17, வியாழக்கிழமை, காலை 9.20
லின்ஃபீல்ட், ஆக்லாந்து, நியூசிலாந்து

பொருள்: அமரர் அருளப்பு மரியநாயகம் அவர்கள் குறித்து

சங்க மலர் ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை காலை திருமதி மரியநாயகம் தொலைபேசியில் அழைத்தார். "அவர் நித்திரையிலேயே போயிட்டார், அண்ணை" என்றார். நேற்று அடக்கம் நடந்தது.

மன்னாரிலிருந்து வந்து ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் குடியிருந்த மரியநாயகம் அவர்கள் பனிச்சறுக்கே அறியாதவர். உடன் வேலை செய்த ஒருவர் கேட்டதற்காக, ருவாப்பேகு எரிமலையில் சர்வதேசப் பந்தயம் நடக்கும் தடத்தில் வாயில் நடுவராக நிற்க இசைந்தார். அது 1993, சிலர் 1992 என்பது தவறு. அவரை என் காரில் ஏற்றிச் சென்றவன் நான்.

செங்குத்தான சரிவில் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருக்கும். இரு கம்பங்கள் ஒரு வாயில். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது. ஐயமுற்ற வீரர் நடுவரைக் கேட்கலாம். நடுவர் 'போ' அல்லது 'திரும்பு' என்பதை ஆங்கிலத்தில், ஒரே சொல்லில், உரக்கக் கூவ வேண்டும்.

அவ்வாண்டு ஹெலன் என்ற இளம் வீராங்கனை அவருடைய வாயிலைத் தவறவிட்டு விழுந்தார், எழுந்து கேட்டார். மரியநாயகம் அவர்கள் கூவவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அருகே சென்று பண்பாகச் சொல்வதற்காகப் பனியில் நடக்கத் தொடங்கினார். பதில் இல்லையென்று எண்ணிய ஹெலன் கீழே இறங்கிவிட்டார். ஓட்டம் செல்லாததாயிற்று. தேசிய அணியிலும் இடம் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் காரணம் கேட்டேன்.

"முன்பின் தெரியாத பொம்பிளைப் பிள்ளையை அதட்டுறதோ, ஐசே? எங்கட வீட்டில நாயைக்கூட அப்பிடிக் கூப்பிட்டதில்லை."

"அப்ப விட்டிடும். உமக்கு ஏலாது."

"விடமாட்டன். அந்தப் பிள்ளை அடுத்த வருசமும் வரும்."

அந்தக் கோடை முழுவதும் ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரையில் கூவிப் பழகினார். நான் மறுகோடியில் நின்று, குரல் கேட்டால் கையை உயர்த்துவேன். ஒருமுறை, நாயுடன் எதிரே வந்த கனவான் ஒருவர் 'திரும்பு' என்ற குரலுக்கு அடங்கித் திரும்பியே நடந்துவிட்டார். இவர் மூச்சிரைக்க ஓடிச் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

1994இல் மற்றப் பந்தயங்களில் ஹெலன் நன்றாக ஓடியிருந்தார். ருவாப்பேகுப் பந்தயத்தை முடித்தாலே அணியில் இடம். பந்தயத்தின் இரு ஓட்டங்களில் இரண்டாவதில் மூடுபனி. அதே நடுவரின் வாயிலருகே மீண்டும் விழுந்தார். கீழே வலைக்கருகில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது அந்தக் குரல். ஹெலன் பக்கவாட்டாக மேலேறி, வாயிலுக்குள் நுழைந்து, கடைசியாக வந்து சேர்ந்தார். ஆனாலும் ஓட்டம் செல்லுபடியானது. அணியில் இடம் கிடைத்தது.

"கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டனான், ஐசே."

"என்ன சொன்னவ?"

"இனிமேல் இன்னும் பலமாக் கத்தட்டாம்."

எரிமலை குமுறிய பருவங்கள் நீங்கலாக, பின்னர் ஒவ்வோர் ஆண்டும் அங்கே நின்றார்.

நேற்று கல்லறையில் ஹெலன் திருமதி மரியநாயகத்தின் கையை நெடுநேரம் பிடித்திருந்தார். பின்பு என்னிடம் வந்து, இம்மாதப் பந்தயத்தில் அந்த இடத்தில் யார் நிற்பார் என்று கேட்டார்.

நண்பரே, அமைதியாக உறங்கும். மலையில் இவ்வாண்டு பனி நன்றாக விழுந்திருக்கிறதாம்.

இங்ஙனம்,
ச. நடராசா

இணைப்புகள்:
(அ) வாயிலருகே அவர் நிற்கும் புகைப்படம், 1994. பின்புறம் 1995 என்றிருந்ததைத் திருத்தியுள்ளேன்.
(ஆ) இன்று காலை பந்தயக் குழுவுக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதி.
(இ) சங்க மண்டபத்தில் வைப்பதற்கு நீங்கள் கேட்ட, வாயிலில் நிற்கும்போது அவர் அணிந்த மஞ்சள் மேலங்கியை அனுப்பவில்லை. அது எனக்குத் தேவைப்படுகிறது. தோளில் மட்டும் சற்று இறுக்கம்.