காணாமல் போன அரை அடி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் அம்மா தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிப்பார். வெயில் காய்கிற நாளிலும் கழிப்பார். அந்த வயிற்றில் பிறந்தவன் நான். ஒருவர் சிரித்துப் பேசினாலே, இவர் எதைக் கழிக்கப் போகிறாரோ என்றுதான் முதலில் தோன்றும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில், கணினியில் வீட்டு பிளான் வரைவது என் வேலை. அறைகளையும் சுவர்களையும் நான் போடுவேன். கூரை, முகப்பு, வர்ணம் எல்லாம் மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்காவின் பொறுப்பு. ஒரே ஃபைலை இரண்டு கணினியிலும் திறப்போம், ஒரே பெயரில் சேமிப்போம். யார் எதை மாற்றினார் என்று எழுதி வைக்கும் வழக்கம் கிடையாது.

டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பிளானைத் தோட்ட ஆபீசில் கொடுக்காவிட்டால் அவருடைய முறை அடுத்தவருக்குப் போய்விடும். மலை ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஹாலு, கலரு எல்லாம் எப்படியும் இருக்கட்டும் தம்பி. குசினியில காலை நீட்டி உக்காந்து சமைக்கணும். இப்ப இருக்கிற லயத்து அறையில அதுக்கு எடமில்லீங்க.”

சொன்னதோடு நிற்காமல் மாடித் தரையிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினார். நான் டேப்பை வைத்து அளந்தேன். அடுப்பு, அவர் கால், ஆள் கடந்துபோக வழி எல்லாம் சேர்த்து எட்டடி வந்தது. காணியின் பின்னால் மண்மேடு, முன்னால் தண்ணீர் ஓடும் கான். வீட்டை ஓர் அங்குலம்கூட நீட்ட வழியில்லை. முன்னறை ஒன்பதரை, நடு அறை பத்து, சமையலறை எட்டு என்று வரிசையாகப் போட்டு, வெளிச்சுவரை நகராதபடி மென்பொருளில் பூட்டிவிட்டேன். வேறு எதுவும் நகராமலிருக்க நடு அறையின் அளவையும் பூட்டினேன்.

மறுநாள் காலை திறந்தால் சமையலறை ஏழரை அடி.

என் கைப்பிழை என்று நினைத்துத் திருத்தினேன். அடுத்த நாளும் ஏழரை. சாயங்காலம் கிளம்பும்போது திரையை போனில் படம் எடுத்துக்கொண்டேன். காலையில் ஒப்பிட்டால் மறுபடியும் ஏழரை. அந்த அறையில் எங்களிருவரைத் தவிர யாருமில்லை. அக்கா என்னைப் பார்த்து, பிளேன்டீ வேணுமா என்று கேட்டார். கள்ளத்தனம் இல்லாவிட்டால் இத்தனை நாள் இல்லாத உபசாரம் எதற்கு? அவர் தலையைத் திருப்பினால் நானும் திருப்பினேன். மவுஸைத் தொட்டால் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாவின் நீட்டிய காலில் அரை அடியை இவர் வெட்டுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று கேட்கவில்லை.

பதிலாக ஒரு பொறி வைத்தேன். சமையலறைச் சுவரோடு சேர்த்து, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், ‘இந்த அரை அடியில் கை வைக்காதே’ என்று எழுதினேன். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. அந்தச் சுவரை யார் தொட்டாலும் எழுத்து நீலமாக மின்னும். தொட்டவர் முகம் மறுநாள் மாறியிருக்குமல்லவா, அதைப் பார்க்கக் காத்திருந்தேன். முகம் மாறவில்லை. சமையலறை மட்டும் மறுபடி ஏழரை.

வெள்ளிக்கிழமை காலையே அந்த அம்மா வந்துவிட்டார். அக்காதான் பிரின்ட் எடுத்தார். கறுப்பு மை மட்டும் போதும் என்று போட்டிருந்ததால், வரைந்த எல்லா நிறமும் கறுப்பாகவே வந்தது. என் வெள்ளை எழுத்தும் வந்தது.

அக்கா அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். பிறகு கேட்டார்: “இது எனக்கா எழுதுனீங்க?”

பேசியது அந்த அம்மாதான்.

“முன்னறைய பத்தடியா போடச் சொன்னது நான்தாங்க. ஒம்பதரை மனையடிக்கு ஆகாதுன்னு பூசாரி சொன்னாரு. அன்னைக்குச் சாயங்காலமே திரும்பி வந்தேன், நீங்க கீழ டீ குடிக்கப் போயிருந்தப்ப இவங்ககிட்ட சொல்லிட்டுப் போனேன். அது என் குசினியிலிருந்து போகும்னு எனக்குத் தெரியாதுங்க.”

அக்காவுக்கும் தெரியாது. அவர் தொட்டது முன்னறைச் சுவரை மட்டும். வெளிச்சுவரும் நடு அறையும் பூட்டிக் கிடந்ததால், அந்த அரை அடியைப் பின்னாலுள்ள சமையலறையிலிருந்து எடுப்பதைத் தவிர மென்பொருளுக்கு வேறு வழியில்லை. பூட்டியவன் நான். நான் சமையலறையைத் திருத்தும்போதெல்லாம் முன்னறை ஒன்பதரையானது. மனையடி சாஸ்திரம் வெறும் புளுகு என்று ஊரைக் கூட்டிச் சொல்லித் திரிகிற நான் வேண்டுமென்றே குறைக்கிறேன் என்று அக்கா நினைத்திருக்கிறார். சொன்னால் பாய்வேன் என்று அவரும் நான் கிளம்பிய பிறகு பேசாமல் திருத்தியிருக்கிறார். தராசில் கையை வைத்தவன் நான்தான் என்று தெரிந்தபோது என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அக்கா என் கணினி முன்னால் உட்கார்ந்து, நடுச்சுவர்கள் இரண்டும் எதற்கு ஒன்பது அங்குலம் என்று கேட்டார். கூரையின் பாரம் பக்கச் சுவர்களில்தான் இறங்குகிறது, இவை அறையைப் பிரிக்க மட்டும்தான் என்றார். நாலரை அங்குலமாக்கினால் இரண்டிலும் சேர்த்து ஒன்பது அங்குலம் மிச்சம். முன்னறை பத்தடியானது, சமையலறை எட்டடியிலேயே நின்றது, மூன்று அங்குலம் மீந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

எழுத்தை அழித்துப் புதிதாக பிரின்ட் எடுத்தோம். மதியத்துக்குள் பிளான் ஆபீசுக்குப் போய்விட்டது. பழைய தாளையும் அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். சுவர் எழும்பினதும் குசினியில ஒட்டி வைப்பேன் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் ஃபைலின் ஓரத்தில் ஒரு பெட்டி போட்டிருக்கிறோம். யார், எதை, யாருக்காக மாற்றினார் என்று அதில் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தேன். முதல் குறிப்பு அக்காவுடையது. ‘சமையலறை எட்டடி. நான் கை வைக்கவில்லை.’