கொய்யா மரத்துக் கேமரா

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததை முதலில் கண்டவள் நான்தான். கோழியைத் தேடிப் போனேன். மேட்டின் ஓரமாக, கால் விரல் நுழைகிற அகலத்தில் ஒரு கீறல் நீளத்துக்கு ஓடியிருந்தது. மழை விட்டதும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மண் சரியும், ஆள் இருக்கக் கூடாது என்று கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். தெரணியகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தை விட்டு ஆளுக்கொரு பையோடு இறங்கினோம். கொஞ்ச நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்துவிட்டு, தெஹியோவிட்டவில் ஒரு சிங்கள நோனா வீட்டின் பின்பக்க அறைக்கு வாடகைக்கு வந்து சேர்ந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். இரண்டு பேரும் ரப்பர் பால் வெட்டியே வயதைக் கழித்து, பென்சனும் எடுத்துவிட்டவர்கள்.

இறங்குவதற்கு முன்னால் தோட்டத்துத் துரை கூட்டம் போட்டு ஒரு சொல் சொன்னார். புது வீடு கட்டிக் கொடுக்கும்வரை லயத்தில் நாங்கள் இருந்த காம்பராக்களைத் தொடமாட்டார்களாம். என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லை மடியில் முடிந்துகொண்டார்.

"கூரை நிக்கிற வரைக்கும்தான் அது வீடு. கூரை போனா நாலு சுவரு. நாலு சுவத்துக்கு எவன் மாத்து வீடு குடுப்பான்?" என்பார். கூரை நிற்கிறதா என்று பார்ப்பதற்கே பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போவார், மேட்டில் ஏறுவார், திரும்பி வருவார்.

எங்கள் மகன் அவிசாவளையில் கேமரா பூட்டுகிற கடையில் வேலை செய்கிறான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, எந்நேரமும் சரியும்னுதானே வெளியேத்துனாங்க. அங்க என்ன, சாமி கும்பிடவா போறீங்க?"

"வீட்டப் பாக்கப் போறேன்டா."

"இனிமே மலை ஏறாதீங்க. வீட்ட ஒங்க கையிலயே தந்துடுறேன்."

யாரோ கடைக்குத் திருப்பிக் கொடுத்த கேமரா அது. வெயிலிலேயே சார்ஜ் ஏறும், சிம் போட்டால் ஓடும். கொல்லையில் நின்ற கொய்யா மரத்தில் அதைக் கட்டிவிட்டு வந்தான். எங்கள் பின்கதவு, அடுப்படிச் சுவர், கூரை, ஓரத்தில் கொஞ்சம் மேடு, எல்லாம் போனுக்குள் வந்தன. இவர் அரை நாள் பார்த்தார். பிறகு போனை என் மடியில் போட்டார்.

"இது போட்டோ."

"போட்டோ இல்லீங்க, நேராவே வருது."

"அப்ப ஏன் ஒண்ணும் ஆடல? பொழுதன்னைக்கும் அதே கதவு, அதே சுவரு. பொண்ணக் காட்டாம போட்டோவக் காட்டி முடிச்சு வெக்கிற தரகன் மாதிரி ஒம் மகன் நம்மள ஏமாத்துறான்."

ஆள் இல்லாத வீட்டில் என்னதான் ஆடும்? எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "குருவி வந்து ஒக்காந்தா நம்புவீங்களா?" என்று கேட்டேன். இவர் மறுபடி மேட்டில் ஏறி, பால் பிடிக்கிற பழைய சிரட்டைகளை எடுத்து, கொல்லையில் துணி காயப்போடுகிற கம்பியில் கேமராவுக்கு நேரே கட்டி, குருணல் அரிசியும் வாழைப்பழமும் வைத்துவிட்டு வந்தார்.

விடிந்ததும் மைனா வந்தது. பின்னாலேயே ஒரு சோடி கொண்டைக்குருவி. அப்புறம் தவிட்டுக்குருவிப் பட்டாளம், சண்டைக்கு வந்த சம்பந்திமார் மாதிரி ஒரே கூச்சலோடு. "ஏ புள்ள, தலையத் திருப்புதுடி! நம்மளத்தான் பாக்குது!" என்று இவர் போட்ட சத்தத்தில் நோனாவே எட்டிப்பார்த்தார். குருவி ஆடினால் படம் உயிரோடு இருக்கிறது. படம் உயிரோடு இருந்தால் கூரை நிற்கிறது. இவருடைய கணக்கு அவ்வளவுதான்.

"குருவிக்கு எவனும் நோட்டீஸ் ஒட்டல, பாத்தீங்களா" என்றேன். சிரித்தார். ஊரை விட்டு வந்தபின் அவர் சிரித்ததே அன்றுதான்.

நோனா நல்ல மனுஷி. குனிந்து போனைப் பார்த்து, "ஆ, தெமலிச்சோ நேத?" என்றவர் அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டார். தெமலிச்சோதானே என்று கேட்டிருந்தார்; தவிட்டுக்குருவிக்குச் சிங்களத்தில் தமிழ் ஆட்கள் என்று எங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கூட்டமாகத் திரிந்து ஓயாமல் கத்துவதால் அப்படி என்பார்கள். "குருவியோட பேருதான் அக்கே, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சிங்களத்திலேயே சமாளித்தார். "நெனைக்கல நோனா. அதுங்களாவது எங்க வீட்டுல இருக்கே" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

சிரட்டை காலியானதும் குருவிகள் நின்றுபோயின. "மறுபடியும் போட்டோ ஆயிருச்சு" என்று இவர் அரிசிப் பையோடு கிளம்பிவிட்டார். மலை ஏறக் கூடாது என்று கட்டிய கேமராவே அவரை மலை ஏற்றியது. கடையில் இருந்தபடி மகன் எனக்குப் போன் போட்டுக் கத்தினான். "அம்மா, அப்பா கேமராவப் பாத்துக் கை ஆட்டிக்கிட்டு நிக்கிறாரும்மா!"

அதற்குப் பிறகு பக்கத்துக் காம்பராவில் இருந்த தம்பியிடம் சொல்லிவைத்தோம். கூடப் பிறந்தவன் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிறந்தவன். அவனும் கீழ் லயத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தான். ஆனால் தினமும் காலையில் அதே மேட்டில்தான் பால் வெட்டு.

"படுத்தா சரியுற மேடு, பால் வெட்டுனா சரியாதாம் அக்கா. அதிசயமான மேடு" என்பான். வேலைக்கு ஏறும்போது சிரட்டைகளை நிரப்பிவிட்டுப் போவான்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் ஒரு குருவியும் வரவில்லை. கூரை மேல் இரண்டு கால்கள் தெரிந்தன. பிறகு தகரம் கிழிபடுகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் பக்கத்து ஆட்கள்தான், ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். ஆணியைப் பிடுங்கித் தகரத்தைக் கீழே இறக்கினார்கள். மேலே நின்று பிடுங்கியவன் தம்பி.

"டேய், கேமரா இருக்குடா. அக்கா பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றான் கீழே நின்ற ஒருவன்.

"பாக்கட்டும். எங்கூட்டுக் கூரையையே நேத்து நான்தானே பிரிச்சேன்."

இவர் என் போனில் படத்தைப் பார்த்துக்கொண்டே தன் போனில் அவனை அழைத்தார். அங்கே மணி அடிப்பது கேமரா வழியாக எங்களுக்கே கேட்டது. தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான், பெயரைப் பார்த்தான், திரும்பப் பைக்குள் போட்டான். அடுத்த ஆணிக்குக் குனிந்தான்.

சாயங்காலம் அவனே போன் போட்டான். "அண்ணே, ஏறலன்னா இன்னைக்குப் பேரு இல்ல, நாள் கூலி இல்லன்னு தோட்டத்துல சொல்லிட்டாங்க. நான் இல்லாட்டி வேற எவனாவது ஏறியிருப்பான். ஒங்க தகரத்துல ஒண்ணு கூட வளையாம எறக்குனேன்."

"வளையாம எறக்குனியா. நல்லா இரு" என்று இவர் வைத்துவிட்டார். வைது தீர்த்திருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். கிளாக்கர் தலையைத் தூக்கவில்லை. "ஒங்க பாதுகாப்புக்குத்தானே செஞ்சாங்க. யாராச்சும் திரும்பி வந்து படுத்து, மண்ணு விழுந்தா யாரு பொறுப்பு?"

"தொடமாட்டோம்னு தொரை சொன்னாங்களே ஐயா."

"அந்தத் தொரை மாறிப் போயிட்டாரு."

"அவரு சொன்ன சொல்லு?"

கிளாக்கர் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். புது வீட்டைக் கேட்டதற்குக் காணி பார்க்கிறார்கள் என்றார். வாக்குக் கொடுத்தவனை மாற்றிவிட்டால் வாக்கும் மாற்றலாகிப் போய்விடும் என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

மறுபடி மழைக்காலம் வந்தது. "கேமராவக் கழட்டிறவாப்பா, அங்க என்ன இருக்கு பாக்க?" என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டார். சிரட்டைகள் கம்பியில் வெறுமனே தொங்குகின்றன. இவர் இப்போது அவற்றைப் பார்ப்பதில்லை; படத்தின் ஓரத்தில் தெரிகிற மேட்டையே பார்க்கிறார்.

"என்னத்தங்க அப்படிப் பாக்குறீங்க?" என்றேன் ஒரு நாள்.

"சரியட்டும்னு பாக்குறேன். சரிஞ்சாலாவது அவங்க சொன்னதுல ஒண்ணு உண்மையாகும்."

"வாயக் கழுவுங்க. காலையில அந்த மேட்டுலதானே தம்பி பால் வெட்டுறான்."

அவனைச் சொன்னதும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனால் போனைக் கீழே வைக்கவில்லை.