உப்புமாப் பலகையில் பதினேழு

1966 ஜூலை 14, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. விடியலில் பிடித்த மழை பத்து ஐம்பதுக்கு விட்டிருந்தது. பள்ளிக்கூடத்து ஓட்டு விளிம்பிலிருந்து மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பத்தொன்று வரை வந்தபோது கல்வி அதிகாரி நாலாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்குள் நுழைந்தார். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியிருந்ததால் என் கணக்கு அறுந்துபோயிற்று. அந்த எரிச்சல்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அந்த அறையில் அறுந்துபோக இருந்தது எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பள்ளி திருவனந்தபுரத்தில், எங்கள் வீடு இருந்த வலியசாலையிலிருந்து என் காலுக்கு ஆயிரத்து இருநூறு அடி தூரம். மானேஜர் என்கிற தனியார் ஒருவருடைய பள்ளிதான், ஆனால் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. எத்தனை ஆசிரியருக்குச் சம்பளம் என்பதைப் பிள்ளைகளின் தலைகளை எண்ணித்தான் தீர்மானிப்பார்கள். நாலாம் வகுப்பில் தமிழுக்கென்று தனிப் பிரிவு நிற்க இருபது தலை வேண்டும் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் ரெஜிஸ்டரில் இருபது பெயர் இருந்தது. பெஞ்சில் பதினேழு பேர் இருந்தோம். மீதி மூன்று பேருடைய வீட்டுக்காரர்கள் மாற்றலாகி ஊரைவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தப் பிரிவின் டீச்சர் என் சித்தி, அம்மாவின் தங்கை. அவளுக்கு இருபத்தைந்து வயது. எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்ததால், பிரிவு போனால் வேலையும் போகும். வேலை போனால் ஜபல்பூர். அங்கே ஒரு வரன் காத்திருந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு வயது, மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்குப் பூரண சம்மதம். சித்தி பிடிகொடுக்கவில்லை.

“வேலை இருக்கற வரைக்கும் ஜபல்பூர் பேச்சை எடுக்காதீங்கோ அத்திம்பேர்” என்றாள் ஒரு நாள், எனக்குத் தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டே.

“வேலை என்ன சாசுவதமா? போன வருஷம் இருபத்தினாலு கொழந்தை. இந்த வருஷம் பதினேழு. நீதான் டீச்சராச்சே, கழிச்சுப் பாரேன்” என்றார் அப்பா.

நான் உடனே “ஏழு” என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. விடை சரிதானே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

எண்ணுகிற பழக்கத்தை எனக்குக் கொடுத்தவளே சித்திதான். ஒரு தரம் எண்ணு, இன்னொரு தரம் எண்ணு, இரண்டும் ஒன்றாக இருந்தால் எழுது, எழுதிய பிறகு யார் சொன்னாலும் மாற்றாதே என்பாள். வகுப்பில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவாள். ஒன்பது ஏழு அறுபத்துநாலு என்று எழுதிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் எங்களைப் பார்ப்பாள். யாராவது பிடித்துச் சொன்னால், “இல்லையே, சரியாத்தானே இருக்கு?” என்று அடித்துப் பேசுவாள். அப்போதும் அசையாமல் நின்றால் ஒரு துண்டு சாக்பீஸ் பரிசு. ஜூலை பதினான்குக்குள் என்னிடம் பதினோரு துண்டுகள் சேர்ந்திருந்தன.

இன்னொரு பெருமையும் அந்த வருஷம் எனக்குக் கிடைத்திருந்தது. பள்ளியில் மத்தியானம் மஞ்சள் உப்புமா போடுவார்கள். அமெரிக்காவிலிருந்து மூட்டையில் வந்த சோளமாவு அது. உப்புமா கிண்டுகிற அம்மாவுக்கு எத்தனை தலைக்கு மாவு அளப்பது என்று தெரிவதற்காக, சமையல் கொட்டகை வாசலில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருந்தது. தினமும் காலை பத்தரைக்கு ஒவ்வொரு வகுப்பின் எண்ணிக்கையையும் அதில் எழுத வேண்டும். கையெழுத்து நன்றாக இருந்ததால் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எல்லா வகுப்பிலும் நானே போய்த் தலை எண்ணுவேன். ஒரு நாளும் உப்புமா மிஞ்சியதில்லை, போதாமலும் போனதில்லை.

அதிகாரி வரப்போகிறார் என்ற செய்தியை ஆபீஸ் பியூன் ஒருவர் முதல் நாளே ஹெட்மாஸ்டர் காதில் போட்டுவிட்டார். ஹெட்மாஸ்டர் மலையாளி. எங்களோடு அவர் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். நல்ல மனுஷர். சித்தியின் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று மெய்யாகவே நினைத்தார்.

“டீச்சர் எதுக்குப் பேடிக்கணும்? மூணு தலை அல்லே வேண்டூ? அது நான் ஏற்பாடு செய்யாம்” என்று வராந்தாவில் அவர் தைரியம் சொன்னதை நான் கேட்டேன்.

மறுநாள் காலை மூன்று தலைகள் வந்தன. பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் விற்கும் கடைக்காரரின் மருமான் ஒருவன், கோயில் வாசலில் பூக் கட்டுகிற குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர். ஊரைவிட்டுப் போன மூன்று பேருடைய பெயர்களை அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். “இது ஒரு நாடகம். ஆரும் சிரிக்கான் பாடில்லா, சிரிக்கக் கூடாது” என்று ஹெட்மாஸ்டர் எங்களைப் பார்த்து விரலை ஆட்டினார். அந்தப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து, “பன்னண்டுக்குள்ள விட்ருவாகளா? கடையில மாமா தனியா இருப்பாரு” என்று மூன்று தடவை கேட்டான்.

இந்த ஏற்பாட்டில் எல்லாவற்றையும் யோசித்தவர்கள் சமையல் கொட்டகைப் பலகையை மறந்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. சித்தி மறக்கவில்லை. அன்று காலை ஒரே குடையில் நாங்கள் இரண்டு பேரும் நடந்து வந்தபோது அவள் சொன்னாள்.

“இன்னிக்குப் பலகையிலே இருபதுன்னு எழுதிடு, கேட்டயா?”

“பதினேழுதானே சித்தி?”

“இருபதுன்னு எழுது.”

அவள் என்னைப் பார்க்கவில்லை, தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். சோதிக்கிறாள், அவ்வளவுதான். ஒன்பது ஏழு அறுபத்துநாலு.

பத்தரைக்கு நான் எண்ணினேன். வந்த மூன்று பேரும் உப்புமாவுக்கு இருக்கப் போவதில்லை. இரண்டாம் தரமும் எண்ணினேன். பலகையில் ‘4 தமிழ் – 17’ என்று எழுதினேன். ஏழின் கொம்பை அன்று கொஞ்சம் அழகாகவே இழுத்தேன்.

அதிகாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தேங்காய்க் கடைப் பையன் ஒழுங்காகக் கை தூக்கினான். பூக்காரப் பெண்களில் இளையவள் தன் பெயர் வருவதற்கு முன்னாலேயே ஒரு தரமும், வந்த பிறகு இரண்டு தரமும் “ஆஜர் சார்” என்று கத்தினாள். அதிகாரி சிரித்தார். இருபது என்று எழுதிக்கொண்டார். சித்தி மேஜையைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்தாள்.

“சாயா குடிச்சிட்டுப் போகாம் சார்” என்றார் ஹெட்மாஸ்டர். டீ வந்தது. குடித்த பிறகு அதிகாரி கை கழுவத் தண்ணீர் கேட்டார். தண்ணீர்த் தொட்டி சமையல் கொட்டகை வாசலில்தான் இருந்தது. கை கழுவியவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். எங்கள் வகுப்பு ஜன்னல் அந்தப் பக்கம் திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

“இது ஆரு எழுதினது? நல்ல கையெழுத்தாணல்லோ.”

யாரும் கூப்பிடாமலே நான் ஓடினேன். “நான்தான் சார்.”

“எல்லா நாளும் நீதான் எழுதுமோ?”

“ஆமாம் சார். தலையை எண்ணித்தான் எழுதுவேன். ஒரு நாளும் தப்பினதில்லை.”

ஹெட்மாஸ்டர் குறுக்கே வந்தார். “கொச்சுப் பையனல்லே சார். எண்ணினதில் மூணு விட்டுப் போயிருக்கும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. “விட்டுப் போகலை சார்! ரெண்டு தரம் எண்ணினேன். அவா மூணு பேரும் உப்புமாவுக்கு இருக்க மாட்டா. பன்னண்டுக்குள்ளே கடைக்குப் போகணும்.”

கொட்டகைக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவருக்கும் இது பிடித்தமான வேலையாக இருந்திருக்காது. என்னோடு ஜன்னலடிக்கு வந்தார். சித்தி உள்ளே நின்றிருந்தாள்.

“டீச்சரே, இந்தக் குட்டிக்குக் கணக்கு தெற்றியோ?”

தப்பிவிட்டது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது வயதுப் பையன் எண்ணியதைவிட ரெஜிஸ்டர் பெரிது. அதிகாரி அதைத்தான் அவளுக்கு நீட்டினார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஹெட்மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். சித்தி என்னைப் பார்த்தாள்.

“இல்லை சார். அவன் எண்ணினது சரி. பதினேழுதான்.”

அதிகாரி நின்றபடியே தாளில் எதையோ அடித்து எழுதினார். அவர் போன பிறகு நான் சித்தியின் மேஜை அருகே போய்க் கையை நீட்டினேன். அவள் பெட்டியைத் திறந்து, துண்டு அல்ல, ஒரு முழு சாக்பீஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதுவரை யாரும் முழு சாக்பீஸ் வாங்கியதில்லை. அன்று வீடு வரைக்கும் நான் குதித்துக்கொண்டுதான் போனேன்.

ஆகஸ்டில் உத்தரவு வந்தது. தமிழ்ப் பிரிவை எடுத்துவிட்டார்கள். நாங்கள் பதினேழு பேரும் எங்கள் சிலேட்டுகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு, மலையாளப் பிரிவுக்குப் போனோம். சித்தி வீட்டில் இருந்தாள். நவம்பரில் கல்யாணம். தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலேற்றப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சித்தியிடம் நான் சொன்னேன்.

“வண்டிக்குப் பதினோரு பெட்டி சித்தி.”

“பன்னண்டு இல்லையோ?”

“பதினொண்ணுதான்.”

“எனக்கென்னமோ பன்னண்டுன்னு தோணறது. போய் எண்ணிண்டு வா.”

நான் ஓடினேன். இஞ்சினிலிருந்து கடைசி வரைக்கும், மறுபடி கடைசியிலிருந்து இஞ்சின் வரைக்கும். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. சித்தியின் முகம் வீங்கியிருந்தது. “பதினொண்ணுதான் சித்தி!” என்று ஜன்னலோடு ஓடிக்கொண்டே கத்தினேன்.

“மாத்தாதே” என்றாள்.

அவள் எங்களோடு இருந்த கடைசி நாலு நிமிஷம் அது. நான் பெட்டிகளோடு இருந்தேன்.

நான் வளர்ந்து மாநிலக் கல்வித் துறையில்தான் கிளார்க்காகச் சேர்ந்தேன். பள்ளிகளிலிருந்து வருகிற எண்ணிக்கைப் பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்க்கிற மேஜை. இருபத்தொன்பது வருஷம் அதைத்தான் செய்தேன். தலையை எண்ணிச் சம்பளம் கொடுப்பது தப்பான முறை என்று நான் சொல்ல மாட்டேன். இல்லாத பிள்ளைகளின் பெயரில் சம்பளம் போன பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டியலில் ஒரு பிரிவின் மேல் சிவப்புக் கோடு இழுக்கும் ஒவ்வொரு தடவையும், எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இழுப்பேன். இப்போது ஜூன் மாதம் ஆறாவது வேலை நாளில் எண்ணுகிறார்கள். எண்ணுவது தலையைக்கூட அல்ல, ஆதார் எண்ணை. தேங்காய்க் கடைப் பையனைக் கூட்டிவந்து உட்காரவைக்க முடியாது. இந்த ஜூனிலும் பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பற்றிப் பத்திரிகையில் பட்டியல் வந்தது. அதில் கூட்டல் தப்பாக இருந்தது. திருத்திப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

மற்றப் பதினாறு பேரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். உயிரோடிருக்கிறவர்களைக் கோயிலில் பார்ப்பேன். ஒருவருக்கும் தமிழ் எழுத்து ஓடாது. சினிமா போஸ்டரில் நடிகர் முகத்தைப் பார்த்துத்தான் என்ன படம் என்று கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு மட்டும் அது தங்கியதற்குக் காரணம் சித்தியின் கடிதங்கள். ஜபல்பூரிலிருந்து பதினொரு வருஷத்தில் நாற்பத்துநாலு கடிதங்கள் எழுதினாள், எல்லாம் தமிழில். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருப்பாள். பெருக்கலில், ஊர்களின் தூரத்தில், இல்லாவிட்டால் மாதத்தின் நாள் கணக்கில். கண்டுபிடித்து எழுதினால் அடுத்த கடிதத்தின் மடிப்பில் சாக்பீஸ் பொடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். நாற்பத்துநாலையும் நான் பிடித்தேன், ஒன்றுகூட விடவில்லை.

நாற்பத்தைந்தாவது வரவில்லை, தந்தி வந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. ஜபல்பூர் போய்த் திரும்பிய அம்மா ஐந்தாம் நாள் சொன்னாள். அந்த வீட்டில் சித்தியை வாசல்படி தாண்ட விட்டதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்டதற்கு அடி விழுந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவள் அங்கே நன்றாக இருந்ததில்லை.

அன்று கடிதங்களை எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். எல்லாக் கடிதத்துக்கும் முதல் வரி ஒன்றுதான். ‘நான் இங்கே சௌக்கியம்.’ ஒரு கடிதத்திலும் அந்த வரியில் நான் நின்றதில்லை. தப்பைத் தேடி அடுத்த வரிக்கு ஓடியிருக்கிறேன்.

பலகையில் மூன்று குறைத்து எழுதியதற்கு ஆன மொத்தத்தை இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு டீச்சர் வேலை, பதினாறு பேருடைய எழுத்து, நாற்பத்துநாலு சௌக்கியம்.